மூக்குக்கு மேல் ஒரு தளம்

எங்கே ஒழுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மாடித் தளமோ, குளியலறையோ, தண்ணீர்த் தொட்டியோ, சொட்ட ஆரம்பித்துவிட்டால் "லீக் மாமாவுக்கு ஒரு போன் போடு" என்பதுதான் முதல் பேச்சு. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதை இப்போது வங்கியில் மட்டும்தான் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அவரும் இரண்டாவது தடவைக்குத்தான் எழுந்து போகிறார்.

தொழிலில் மனிதர் கெட்டிக்காரர், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் அடுத்தவன் செய்த வேலையை அவர் வாயால் நல்லது என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அண்ணாந்து கூரையைப் பார்ப்பார், பிறகு "யார் போட்டது இது?" என்று கேட்பார். கேட்கிற தினுசிலேயே போட்டவனுடைய மானம் கப்பலேறிவிடும். தன் வேலையையாவது நம்புவாரா என்றால் அதுவும் கிடையாது. பூச்சு காய்ந்ததும் தண்ணீர் வெளியேறும் வழிகளையெல்லாம் அடைத்து, தளத்தில் கணுக்கால் மட்டத்துக்குத் தண்ணீரை நிரப்பி, ஒரு நாள் முழுக்கத் தேக்கி வைத்து, கீழே போய்ப் பார்த்து, ஒரு சொட்டுகூட இல்லை என்றால்தான் சாவியைத் திருப்பிக் கொடுப்பார். தேக்கிப் பார்க்காத வேலை வேலையே இல்லை என்பது அவருடைய கட்சி.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க மற்றவர்கள் கருவி வைத்திருந்தார்கள். அவர் மூக்கை வைத்திருந்தார். சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டு நடந்து போவார், ஓரிடத்தில் நிற்பார், "இங்க உடை" என்பார். பெயிண்டுக்குப் பின்னால் எவ்வளவு சமர்த்தாக ஒளிந்திருந்தாலும் ஈரம் அங்கேதான் இருக்கும். மகளுக்குக் குழந்தை பிறந்த பிறகு அந்த மூக்குக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. மருமகனுக்கு வெளியூர் உத்தியோகம் என்பதால் மகளும் பேத்தியும் இவர்களோடுதான் இருந்தார்கள். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் பேத்தியின் உச்சந்தலையில் மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுத்தால்தான் அவருக்குப் பொழுது விடிந்ததாகக் கணக்கு. உறிஞ்சி உறிஞ்சியே பிள்ளையின் தலையைக் கரைத்துவிடுவீர்கள் என்று மனைவி சத்தம் போடுவாள். அவர் காதில் வாங்கியதே இல்லை.

இப்படியிருக்கையில் அவர் கதவு நிலைகளில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். முதலில் இடது தோள், அப்புறம் வலது தோள். நிலையைச் சரியாக வைக்கவில்லை என்று கட்டியவனைத் திட்டினார். பிறகு ஒரு நாள் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது மனைவியின் தம்பி, அதாவது மச்சினன், அவன் கால்விரல் மேல் சக்கரத்தை ஏற்றிவிட்டார். மச்சினன் பெயிண்ட் கடை வைத்திருப்பவன். பெரிய தொப்பை, பெரிய மனசு. நடுவழியில் ஏன் நிற்கிறாய் என்று அவனையே ஏசினார். "நான் ஓரத்துலதான் மாமா நின்னேன், உங்களுக்கு ஓரம்தான் தெரியல" என்று சொல்லி, நொண்டிக்கொண்டே அவரைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனான். கண் டாக்டர் ஸ்கேனுக்கு அனுப்பினார். ஸ்கேன் எடுத்தவர்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நிபுணர் ஒரு பெண். தாழ்ந்த குரல், அவசரமில்லாத பேச்சு. திரையில் படத்தைக் காட்டி, மூளை உட்கார்ந்திருக்கிற தளத்துக்கும் மூக்கின் கூரைக்கும் நடுவில் ஒரு கட்டி வளர்ந்திருக்கிறது, அது கண் நரம்பைக் கீழேயிருந்து நெம்புகிறது என்றார். கெட்ட கட்டி இல்லை, ஆனால் விட்டுவைத்தால் பார்வை போய்விடும். மண்டையைத் திறக்கத் தேவையில்லை, மூக்கு வழியாகவே போய் எடுத்துவிடலாம். மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். லீக் மாமா டாக்டரின் தலைக்கு மேலே கூரை மூலையில் இருந்த பழுப்புக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது யார் போட்ட தளம் என்று கேட்க வாயெடுத்தபோது மனைவி அவர் தொடையில் கிள்ளினாள்.

கட்டியை எடுத்ததும் அந்த இடத்தில் ஓட்டை இருக்கும் என்று டாக்டர் தொடர்ந்தார். அதைச் சரியாக அடைக்காவிட்டால், மூளையைச் சுற்றியிருக்கிற தண்ணீர் மூக்கு வழியாக ஒழுகும்.

ஒழுகும் என்றதும்தான் லீக் மாமாவுக்கு உயிர் வந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஓட்டை எவ்வளவு அகலம், தண்ணீருக்கு அழுத்தம் உண்டா, அடைப்பு மேலிருந்தா கீழிருந்தா, எத்தனை அடுக்கு, ஓரங்களை எப்படி மடிப்பீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். வந்ததிலிருந்து வாயைத் திறக்காத மனிதர் இப்படிக் கேட்டதில் டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு தாளை எடுத்து வரைந்தே காட்டினார். ஓட்டை சின்னதாக இருந்தால் வயிற்றிலிருந்து கொஞ்சம் கொழுப்பை எடுத்து அடைத்துவிடலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் தொடைச் சதையைப் போர்த்தியிருக்கிற கெட்டியான வெள்ளைச் சவ்வில் ஒரு துண்டு வெட்டி உள்ளே விரிக்கலாம். இரண்டும் இருந்த இடத்திலிருந்து முழுதாகப் பிரித்து எடுப்பவை. புது இடத்தில் ரத்தம் ஊறி அவை பிடிக்கிற வரைக்கும் பயம்தான். ஓட்டை பெரிதாக இருந்து தண்ணீரும் வேகமாக வந்தால் மூக்கின் நடுச்சுவரில் இருக்கிற உள்தோலை உரித்து, அதற்கு ரத்தம் கொண்டுவருகிற குழாயை மட்டும் அறுக்காமல், அப்படியே திருப்பி ஓட்டையின் மேல் போர்த்த வேண்டும். அது உயிரோடு இருக்கிற ஒட்டு, சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

தன்னிடம் ஈரத்திலேயே ஒட்டுகிற ஒரு பூச்சு இருக்கிறது, வேண்டுமானால் ஒரு டப்பா கொண்டுவருகிறேன் என்று லீக் மாமா பெருந்தன்மையாகச் சொன்னார். டாக்டர் கோபப்படவில்லை. பசை தங்களிடமும் உண்டு, அது உடம்பு தானாக ஒட்டிக்கொள்கிற வரைக்கும் பிடித்துக்கொள்ளத்தான், கடைசி வேலையைச் செய்வது உடம்புதான் என்றார். எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டார் லீக் மாமா. பிடித்துக்கொண்டால் ஆயுசுக்கும் என்றார் டாக்டர். அப்படியொரு உத்தரவாதத்தை லீக் மாமா தன் ஜென்மத்தில் யாருக்கும் கொடுத்ததில்லை. அதனாலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அந்த மூக்குத் தோலை எடுத்தா மூக்குக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டார்.

"மணம் தெரியறது குறையலாம். நிறைய பேருக்குத் திரும்பி வந்துடும். சில பேருக்கு முழுசா வராது."

லீக் மாமா எழுந்தே விட்டார். வயிற்றை எடுங்கள், தொடையை எடுங்கள், இரண்டு தொடையையும்கூட எடுங்கள், மூக்கில் மட்டும் கை வைக்காதீர்கள் என்றார். மூக்குதான் தன் தொழில், அது போனால் தான் வெறும் ஆள் என்று நீளமாக விளக்கினார். மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"தொழில் கிடக்குது டாக்டர். பேத்தி தலையை மோந்து பாக்க முடியாமப் போயிடுமோன்னு பயப்படுறாரு" என்று போட்டு உடைத்தாள்.

லீக் மாமா மனைவியை முறைத்தார். ஆனால் இல்லை என்று சொல்லவில்லை. டாக்டர் இருவரையும் பார்த்துவிட்டு, முடிந்தவரை மூக்கைத் தொடாமல் பார்க்கிறேன், ஆனால் எதை வைத்து அடைப்பது என்று இப்போதே சத்தியம் செய்ய முடியாது, திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார். உடைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று லீக் மாமா வாடிக்கையாளர்களிடம் தினமும் சொல்கிறவர். அதைக் கேட்டு அவர்கள் ஏன் அப்படி முகம் வெளிறிப் போகிறார்கள் என்பது இன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாநாடு கூடியது. பார்வையா மூக்கா என்றால் பார்வைதான் என்று மகள் சொன்னாள். மச்சினன் பாதி கேட்டதுமே சட்டையைத் தூக்கிவிட்டுத் தன் தொப்பையைத் தட்டிக் காட்டினான். எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், சும்மாதானே கிடக்கிறது, எனக்கும் பாரம் குறையும் என்றான். அடுத்தவர் கொழுப்பை உடம்பு ஏற்காது, அவரவருடையதுதான் ஆகும் என்று மகள் விளக்கினாள். தன் அக்காள் புருஷனுக்குத் தன் கொழுப்பு ஆகாதா என்று மச்சினன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து அவனே இன்னொரு யோசனையோடு வந்தான். மாமா தென்னங்குச்சி மாதிரி இருக்கிறார், வயிற்றில் எடுக்க என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லாவிட்டால் டாக்டர் மூக்கில்தானே கை வைப்பார்? ஆகவே மாமாவுக்குக் கொழுப்பு ஏற்ற வேண்டும்.

அன்றிலிருந்து வீட்டில் அடுப்பு அணையவே இல்லை. மனைவி மூக்கு முட்டப் போட்டாள். உப்பு குறைவு, காரம் அதிகம் என்று எப்போதும் நொட்டை சொல்கிற மனிதர் வாயே திறக்காமல் சாப்பிட்டார். ஒவ்வொரு கவளமும் மூக்குக்குக் காவல் என்று நினைத்துக்கொண்டு விழுங்கினார். சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துப் போனபோது வீடே சந்தோஷப்பட்டது.

அறுவைக்கு முந்தைய பரிசோதனையில் எடையைப் பார்த்த டாக்டர் என்ன விஷயம் என்று கேட்டார். மச்சினன் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னான். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். கட்டைவிரல் அளவு கொழுப்பு போதும், அது அவரிடம் முதலிலிருந்தே இருந்தது என்று பிறகு சொன்னார். லீக் மாமா மச்சினனைப் பார்த்த பார்வையில் ஓரம்கூட நன்றாகத் தெரிந்திருக்கும்.

அறுவை முடிந்து கண் விழித்தபோது அறைக் கதவு நிலையின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தெரிந்தன. பார்வை வந்துவிட்டது என்று மனைவி அழுதாள். மூக்கு நிறையத் துணி அடைத்திருந்ததால் லீக் மாமாவின் குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

"எதை வச்சு அடைச்சீங்க?"

டாக்டர் கட்டில் ஓரம் உட்கார்ந்தார். நினைத்ததைவிட ஓட்டை பெரிது, தண்ணீரும் வேகமாக வந்தது, வயிற்றுக் கொழுப்பை நம்பி விட முடியவில்லை என்றார். உள்ளே தொடைச் சவ்வு, அதன் மேல் மூக்குத் தோல். மணத்துக்கான நரம்பு வந்து சேர்கிற மேல் பட்டையைத் தொடாமல் விட்டிருக்கிறேன், பொறுத்திருந்து பார்க்கலாம் என்றும் சொன்னார். மூக்குத் தோல் என்பதற்குப் பிறகு சொன்ன எதுவும் லீக் மாமாவின் தலையில் ஏறவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மனைவியிடம்தான் சட்டதிட்டங்களைச் சொன்னார், ஆளைத் தெரிந்துகொண்டுவிட்டார் போலிருக்கிறது. குனியக் கூடாது. மூக்கைச் சிந்தக் கூடாது. பளு தூக்கக் கூடாது, முக்கக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். தலையை உயர்த்தி வைத்துத்தான் தூங்க வேண்டும். மூக்கிலிருந்து தெளிந்த தண்ணீர் சொட்டினால் உடனே வர வேண்டும். மனைவி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். கீழே விழுந்த எதையும் அவரை எடுக்க விடவில்லை, அவர் செருப்பைக்கூட அவளே மாட்டிவிட்டாள். சிரிப்பு காட்டக் கூடாது என்று மச்சினனுக்குத் தடை போட்டாள். அவன் உம்மென்று முகத்தை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான். அதைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

மூக்கிலிருந்த துணியை எடுத்த பிறகும் ஒன்றும் தெரியவில்லை. சோப்பு, பெயிண்ட், தாளிக்கிற எண்ணெய், எதுவும் இல்லை. மச்சினன் தியாக உணர்வோடு தன் காலுறையைக் கழற்றிக்கொண்டுவந்து நீட்டினான். மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். லீக் மாமா கல்லுப் பிள்ளையார்போல உட்கார்ந்திருந்தார்.

ஒரு மதியம் மகள் குளிக்கப் போகும்போது பேத்தியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். மனைவி சமையலறையில் இருந்தாள். குனியக் கூடாது என்பதால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, குழந்தையை உயர்த்தி, உச்சந்தலையை மூக்குக்குக் கொண்டுவந்தார். பயந்து பயந்து மெதுவாக மூச்சை இழுத்தார். கதகதப்பு தெரிந்தது. முடி மூக்கில் குறுகுறுத்தது. அவ்வளவுதான். இன்னொரு தடவை இழுத்தார். கண்ணாடியை மோந்து பார்த்ததுபோல இருந்தது. கண் எரிந்தது. கட்டியிலிருந்து விடுபட்ட கண் நரம்பு இன்னும் படியவில்லை, அதுதான் இப்படி என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மகள் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டதும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

உள்ளே நின்றபோதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. மூக்குத் தோலை எடுத்துப் போட்ட ஒட்டு. அதற்காக இவ்வளவும் போயிற்று. அந்த ஒட்டாவது உருப்படியா என்று யார் பார்த்தார்கள்? தேக்கிப் பார்த்தார்களா? ஒரு நாள் நிறுத்தி வைத்தார்களா? அந்த அம்மாள் வேலையை முடித்துச் சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டார், அவ்வளவுதான். லீக் மாமாவின் இத்தனை வருடத் தொழில் ரத்தம் கொதித்தது. வாஷ்பேசினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல முழங்கால் மட்டத்துக்குத் தலையைத் தாழ்த்தினார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. "பரவாயில்லையே" என்றார். அடுத்தவர் வேலையைப் பற்றி அவர் வாயிலிருந்து அப்படியொரு சொல் வந்தது அதுதான் முதல் தடவை. அப்போது மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. தெளிந்த தண்ணீர். விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். உப்புக் கரித்தது.

அவருக்குக் கை கால் ஓடவில்லை. கசிவைப் பிடித்துப் பார்க்கிற பழக்கதோஷத்தில், அலமாரியில் இருந்த பேத்தியின் காலி மருந்துக் குப்பி ஒன்றை எடுத்து அடுத்த இரண்டு சொட்டையும் அதில் பிடித்துக்கொண்டார். பிறகு தலையை நிமிர்த்தி நாற்காலியில் வந்து சிலையாக உட்கார்ந்தார். பூச்சு காயும் முன்னே ஏறி நடந்துவிட்டு ஒழுகுகிறது என்று போன் செய்தவர்களையெல்லாம் தெருவே கேட்க அவர் கிழித்திருக்கிறார். "காயிற வரைக்கும் பொறுக்க முடியாதா உனக்கு?" என்று எத்தனை பேரைக் கேட்டிருப்பார். இன்றைக்கு ஏறி நடந்தது அவர்தான். டாக்டரிடம் போனால் மறுபடியும் திறப்பார்கள். மறுபடியும் எதையாவது வெட்டுவார்கள். சொல்லாமல் விட்டால் மூளைக்குக் காய்ச்சல் வந்து செத்துப்போவோம். இரண்டுக்கும் பயமாக இருந்தது. எதற்கு அதிகப் பயம் என்றுகூட அவரால் சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் காப்பியைக் கொடுத்த மனைவி ஒரு நிமிடம் நின்று அவரைப் பார்த்தாள். காப்பி ஆறிப்போயிருந்தது. மனிதர் நொட்டை சொல்லாமல் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

அவர் சட்டைப் பையிலிருந்து குப்பியை எடுத்து நீட்டினார். "தேக்கிப் பாத்தேன்" என்றார்.

இத்தனை வருடம் அவரோடு குடித்தனம் நடத்தியவளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அவள் திட்டுவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று அவர் காத்திருந்தார். அவள் ஒன்றுமே பேசாமல் தம்பிக்குப் போன் போட்டாள். அந்தச் சொட்டைவிட அவள் பேசாததுதான் அவருக்கு அதிகக் கிலியைக் கொடுத்தது. வழியெல்லாம் மச்சினன் வண்டியை ஊர்வலம் மாதிரி ஓட்டினான்.

டாக்டர் மெல்லிய குழாய்க் கேமராவை மூக்கில் விட்டுப் பார்த்தார். ஒட்டு இளஞ்சிவப்பாக, உயிரோடு, ஈரம் இல்லாமல் இருந்தது. தலையைத் தன் கையால் தாங்கிக் கொஞ்சமாகச் சாய்த்துப் பார்த்தார். ஒரு சொட்டும் வரவில்லை. குப்பியைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை இங்கேயே படுங்கள் என்றார். முடிவு வந்தது. மூளைத் தண்ணீரில் மட்டும் இருக்கிற புரதம் ஒன்று உண்டாம், அது குப்பியில் இல்லை. அது மூளைத் தண்ணீரே இல்லை.

மனைவிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திட்ட ஆரம்பித்தார். குரலை உயர்த்தவே இல்லை, அதே தாழ்ந்த குரல். இன்னும் கொஞ்சம் முக்கியிருந்தால் ஒட்டு நகர்ந்திருக்கும், மறுபடியும் என் மேஜையில் படுத்திருப்பீர்கள், இந்தத் தடவை மூக்கின் மறுபக்கத்தையும் உரித்திருப்பேன் என்றார். தெருவே கேட்கக் கத்துவதைவிட இது ஆழமாக இறங்கும் என்பதை லீக் மாமா தெரிந்துகொண்டார். வெட்கத்தில் தலையைத் தாழ்த்தினார்.

"தலையைக் குனியாதீங்க" என்றார் டாக்டர்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து மிச்சத் திட்டையும் வாங்கிக்கொண்டார். எல்லாம் முடிந்த பிறகுதான் தொழில் புத்தி மெல்லத் தலைதூக்கியது. அப்படியானால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

"அதைத்தான் நானும் கேக்குறேன். குனியறதுக்கு முன்னாடி என்ன செஞ்சிட்டிருந்தீங்க?"

"ஒண்ணுமில்ல. பாப்பாவை வச்சிட்டிருந்தேன்."

"அப்புறம்?"

"கண்ணு எரிஞ்சுது."

டாக்டர் தாளும் பேனாவும் எடுக்கவில்லை, வாயாலேயே சொன்னார். கண்ணில் வருகிற தண்ணீர் கன்னத்தில் மட்டும் இறங்காது, கண்ணின் மூலையிலிருந்து மூக்குக்குள் ஒரு வழி இருக்கிறது, அதனால்தான் அழுதால் மூக்கு ஒழுகுகிறது என்றார். தண்ணீர் ஓரிடத்தில் இறங்கி வேறோரிடத்தில் தலைகாட்டும், கறை இருக்கிற இடத்தை உடைக்கிறவன் முட்டாள் என்று வேலை கற்க வந்தவர்களிடமெல்லாம் சொல்கிற மனிதர் லீக் மாமா.

"நான் அழல" என்றார்.

"பாப்பா தலையை மோந்து பாத்தீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"ஒண்ணும் தெரியல" என்றார். "ஒண்ணுமே தெரியல."

டாக்டர் முன்னாலேயே மனைவி அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தனியாகச் சுமந்ததை இன்னொருவர் பிடித்துக்கொண்டதுபோல அவருக்கு உடம்பு லேசாயிற்று. மச்சினன் வெளியே போய் நடைபாதை முழுக்கக் கேட்கும்படி மூக்கைச் சிந்தினான். அந்த உரிமை அவனுக்கு இருந்தது. மணம் திரும்பி வருமா என்று லீக் மாமா கேட்டார். தெரியவில்லை, மேல் பட்டையை விட்டுவைத்திருக்கிறேன், வீக்கமும் பொருக்கும் போக மாதக் கணக்கில் ஆகும், ஒட்டுக்கு நான் உத்தரவாதம் தருவேன், மணத்துக்குத் தர மாட்டேன் என்றார் டாக்டர். அந்தப் பதிலில் பொய் இல்லை என்பதால் அதை அவரால் ஏற்றுக்கொள்ள முடிந்தது.

மாதங்கள் ஓடின. குனியலாம், வேலைக்கும் போகலாம் என்றாயிற்று. மச்சினன் ஈரம் காட்டுகிற கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்தான். "யார் செஞ்சது இது?" என்று அதைத் திட்டிக்கொண்டே பயன்படுத்தினார். பழகிய வீடுகளில் மட்டும் கௌரவத்துக்காகச் சுவரில் மூக்கை வைப்பார், கருவியை மறைத்து வைத்து அழுத்துவார். காலையில் பேத்தியின் தலையில் மூக்கை வைப்பதை மட்டும் விடவில்லை. ஒன்றும் கிடைக்காது, ஆனாலும் வைப்பார். மனைவி இப்போதெல்லாம் அதற்குச் சத்தம் போடுவதில்லை. அந்த நேரத்தில் அவள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள்.

குடும்பம் என்றால் எதையும் வீணாக்காது. மூக்கு வேலை செய்யாத ஆள் ஒருவர் வீட்டில் இருப்பதன் அருமையை முதலில் கண்டுபிடித்தவன் மச்சினன்தான். பேத்தியின் டயப்பர் நிறைந்ததும், "மாமாவுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே" என்று கையை நீட்டிக்கொண்டே பிள்ளையைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தான். மகளும் பழகிக்கொண்டாள். அவரும் மறுக்கவில்லை. வேலை என்று வந்துவிட்டால் அவர் கை சும்மா இருக்குமா? தொடை ஓரத்து மடிப்பை அப்படி இழுத்து ஒட்டுவார். அவர் கட்டிய டயப்பர் ஒரு தடவைகூட ஒழுகியதில்லை.

அன்றைக்கும் காலையில் மச்சினன் மூச்சை அடக்கிக்கொண்டு பிள்ளையைக் கொண்டுவந்து மேஜையில் கிடத்திவிட்டு ஓடினான். லீக் மாமா பேத்தியோடு ஏதோ நியாயம் பேசிக்கொண்டே டயப்பரின் ஒட்டைப் பிரித்தார். கை அப்படியே நின்றது. மூஞ்சியைச் சுளித்தார். பிறகு சுளித்தது எதற்காக என்று யோசித்தார்.

மனைவியைக் கூப்பிட்டார். அவர் குரலைக் கேட்டு ஒட்டுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள்.

"நாறுதுடி" என்றார்.

அவள் நிலையைப் பிடித்துக்கொண்டாள். நம்பினாளா என்றால் இல்லை, அவருக்கு ஆசையில் தோன்றியிருக்கலாம், கண்ணால் பார்த்ததை மூக்கு சொன்னதாக நினைத்திருக்கலாம். கரண்டியை வைத்துவிட்டு அவர் கண்ணைத் தன் கையால் பொத்தினாள். இன்னொரு கையால் புது டயப்பரை அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். ஒன்றுமில்லை என்றார். அழுக்கு டயப்பரைப் பிடித்தாள். ஐயய்யோ என்றார். மறுபடியும் புதுசு, மறுபடியும் புதுசு, பிறகு அழுக்கு. ஒன்றுகூடத் தப்பவில்லை. மேஜையில் கிடந்த பேத்தி இந்தக் கூத்தைப் பார்த்துக் காலை உதைத்துச் சிரித்தாள்.

மனைவி அவர் கண்ணிலிருந்து கையை எடுத்தாள். லீக் மாமா அவசரமாகக் குனிந்து பேத்தியின் உச்சந்தலையில் மூக்கை வைத்து இழுத்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்து இழுத்தார். அது இன்னும் வரவில்லை. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாத்தம் வந்துடுச்சுல்ல" என்றாள். "அதுவும் வரும்."

பிள்ளைக்கு மாற்றியாயிற்றா, உள்ளே வரலாமா என்று மச்சினன் வெளியிலிருந்து கேட்டான். இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்றார் லீக் மாமா. அழுக்கு டயப்பரை மடிக்காமல், விரித்தபடியே பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.